புரை விழுந்த விளக்கு

போன வருஷம் என் இரண்டு கண்களுக்கும் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த மறுநாள் எதிர்வீட்டு மொட்டை மாடியில் காயப் போட்டிருந்த வற்றலைக்கூட எண்ண முடிந்தது. அந்தத் தைரியத்தில், சில மாதங்கள் கழித்து, காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பை முடித்துக்கொண்டு ராத்திரியில் நானே காரை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். வாலாஜாபாத் வழியாக ஒரகடம், அங்கிருந்து வண்டலூர்.

ஒரகடம் கூட்டு ரோடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. ஷிப்டு முடிந்து சாம்பல் நிறச் சீருடையோடு ஒரு பையன் சாலை ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தான். அவன் அங்கே இருக்கிறான் என்பது, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்ற தூரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. வண்டியை வலப்பக்கம் ஒடித்தேன். பின்னால் லாரி எதுவும் வராதது என் பாக்கியம், அவனுடைய பாக்கியமும்கூட. பையன் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான். அது ஆசீர்வாதமாக இருந்திருக்க முடியாது.

கை கால் வெலவெலத்துவிட்டது. அடுத்த டீக்கடையில் நிறுத்தி, "கண் மறுபடியும் போச்சு!" என்று புலம்பிக்கொண்டே இறங்கினேன். பக்கத்துக் கொட்டகையில் ஒரு மெக்கானிக் தம்பி கடையைக் கட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, தன் செல்போன் வெளிச்சத்தை என் காரின் ஹெட்லைட்டின் மேல் சாய்வாக அடித்தான்.

"சார், உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. வண்டிக்குத்தான் புரை விழுந்திருக்கு. டூமைப் பாருங்க."

குனிந்து பார்த்தேன். விளக்கின் மேல்மூடி மஞ்சள் பூத்து மங்கியிருந்தது. அது மட்டுமல்ல. மயிரிழைபோல் ஆயிரம் கீறல்கள், குறுக்கும் நெடுக்குமாக, பழைய ஊறுகாய் ஜாடியின் மேற்பூச்சில் ரேகை ஓடியிருக்குமே, அதைப் போலவே ஓடியிருந்தன. ஒவ்வொரு கீறலும் அவன் அடித்த வெளிச்சத்தைத் தனித்தனியாக வாங்கி மினுக்கிற்று. விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. கல் பட்ட கீறல் அல்ல. துணி தேய்த்த கீறலும் அல்ல. உள்ளிருந்து பிறந்த கீறல்.

"கண்ணாடியை மட்டும் மாத்திடுப்பா" என்றேன்.

அவன் சிரித்தான். "கண்ணாடி தனியா வராது சார். முழு ஹெட்லைட்டும்தான் வாங்கணும்."

மறுநாள் கார் விற்ற இடத்திலும் அதையேதான் சொன்னார்கள். பல்பு நன்றாக இருக்கிறது. உள்ளே இருக்கிற பிரதிபலிப்பான் முகம் பார்க்கலாம் என்கிற மாதிரி பளபளக்கிறது. ஒயர் நன்றாக இருக்கிறது. மோட்டார் நன்றாக இருக்கிறது. மூடி ஒன்றுதான் கெட்டுப் போயிற்று. ஆனால் மூடியை மட்டும் தர மாட்டார்கள். அத்தனையையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, அத்தனையையும் சேர்த்துப் புதிதாக வாங்க வேண்டும். ஒரு விளக்குக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் ஸார் இப்படி வெடிக்கிறது?" என்று கேட்டேன்.

"நம்ம ஊர் வெயில் அப்படி!" என்றார் அந்த இளைஞர், வெயிலை நான்தான் வரவழைத்தேன் என்பது போல.

இந்தப் பதிலை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நம் ஊர் வெயில் நேற்று வந்ததல்ல. வெயிலின் மேல் பழியைப் போடுகிறவர்கள், வெயில் அடிக்கும் என்று தெரிந்தே பொருளைச் செய்தவர்கள்.

முதலில் இந்தப் பொருளுக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன். இதற்குப் பெயர் பாலிகார்பனேட். 1953-ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்டிரிக் கம்பெனியின் டேனியல் ஃபாக்ஸும், ஒருவரை ஒருவர் அறியாமல், சில நாள் இடைவெளியில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வீட்டில் பிறந்த பிள்ளை. சந்திரனில் இறங்கிய மனிதர்கள் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்த குமிழ் இந்தப் பிளாஸ்டிக்தான். சம்மட்டியால் அடித்தாலும் லேசில் உடையாது. கண்ணாடியின் எடையில் ஏறக்குறையப் பாதி. எந்த வளைவுக்கும் வளையும். லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல் பட்டுச் சில்லுச் சில்லாகச் சிதறி, எதிரில் வருகிறவன் கண்ணில் குத்தாது. ஆகவே "பழைய காலத்துக் கண்ணாடிக்கே திரும்புவோம்" என்று நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை.

ஆனால் அந்தப் பழைய காலத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. அம்பாஸடர் காரின் வட்ட விளக்கை நினைவிருக்கிறதா? 2014-ல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுபோயிற்று. அதன் விளக்கு உடைந்தால், எந்த ஊர்ச் சந்தியிலும் ஒரு கடையில் அதே அளவு வட்ட விளக்கு தொங்கும். திருப்புளியும் கால் மணி நேரமும் போதும். இன்றைய விளக்கோ ஒவ்வொரு காருக்கும் ஒரு ஜாதகம். நாலைந்து வருஷத்தில் மாதிரி மாறினால், அந்த ஜாதகத்துக்குப் பொருத்தம் எங்கும் கிடைக்காது.

சரி, கீறல் எப்படி வருகிறது? விஷயம் தெரிந்த பொறியாளர்களிடமும் புத்தகங்களிலும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பாலிகார்பனேட் அரிசி மணிபோல் குருணையாக வருகிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எனவே 120 டிகிரி சூட்டில் சில மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை நூற்றில் 0.02 பங்குக்கும் கீழே கொண்டுவர வேண்டும். பிறகு ஏறக்குறைய 300 டிகிரியில் உருக்கி, இரும்பு அச்சுக்குள் அழுத்தி நிரப்ப வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் அந்தச் சூட்டில் நீரே பிளாஸ்டிக்கின் சங்கிலிகளை அறுத்துவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கும், உரம் இருக்காது.

அச்சுக்குள் போன பிறகு என்ன நடக்கிறது? தட்டில் கொட்டிய மைசூர்பாகை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரம் முதலில் இறுகும். நடுப்பகுதி பிறகு இறுகும். பிறகு இறுகுகிற நடுப்பகுதி சுருங்கப் பார்க்கும். முன்னாலேயே இறுகிவிட்ட ஓரம் விட்டுக்கொடுக்காது. இந்த இழுபறி அப்படியே பிளாஸ்டிக்குக்குள் உறைந்து நின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒளியை வடிகட்டும் போலராய்டு தகடுகள் இரண்டுக்கு நடுவே பிடித்துப் பார்த்தால் வானவில் வரிகளாகத் தெரியும். வரிகள் நெருங்கிய இடத்தில் இழுபறி அதிகம். மூலைகளிலும், திருகு மாட்டும் காதுகளிலும், பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாயிலிலும் வரிகள் நெருங்கி நிற்கும். டொலுயீனும் புரொப்பனாலும் கலந்த திரவத்தில் சில நிமிஷம் முக்கினால், இழுபறி மிகுந்த இடமெல்லாம் கீறல் விட்டுத் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். தொழிற்சாலையில் இது எல்லோருக்கும் தெரிந்த சோதனை.

இந்த உள்வலியைப் போக்கவும் வழி உண்டு. அச்சைச் சூடாக வைத்துக்கொண்டு நிதானமாக ஆற விடலாம். அல்லது வார்த்த மூடியை 120 டிகிரி அடுப்பில் வைத்துத் தணிக்கலாம். இரண்டுக்கும் நேரம் வேண்டும். ஒரு மூடிக்கு இத்தனை விநாடி என்று கணக்குப் பண்ணுகிற இடத்தில் நேரம்தான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த சரக்கு.

அடுத்தது மேற்பூச்சு. வெறும் பாலிகார்பனேட்டை வெயிலில் வைத்தால், அதன் புற ஊதாக் கதிர்கள் சங்கிலிகளை முறித்து மஞ்சளாக்கிவிடும். நகம் பட்டாலும் கீறல் விழும். இதற்காகத்தான் சிலிக்கோன் அல்லது அக்ரிலிக் பூச்சு ஒன்றை மேலே பூசுகிறார்கள். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. புற ஊதாக் கதிரைக் குடிக்கிற மருந்து அந்தப் பூச்சில்தான் கலந்திருக்கிறது. காரின் கண்ணுக்கு அது ஒன்றே இமை.

பூச்சு கெட்டி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கோ சூட்டில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரிகிற சுபாவம் உள்ளது. மத்தியான வெயிலில் விரிந்து, ராத்திரியில் சுருங்கி, விளக்கைப் போட்டால் மறுபடி விரிந்து, மழை பட்டதும் சடாரென்று சுருங்கி, அடியில் இருக்கிறவன் ஓயாமல் புரண்டு படுக்கிறான். மேலே இருக்கிற பூச்சு அவனோடு எத்தனை நாள் புரளும்? அதற்குள் அதில் கலந்த மருந்தும் தீர்ந்துபோகிறது. பூச்சில் மயிரிழை வெடிப்பு ஓடுகிறது. வெடிப்பு வழியே ஈரமும் வெயிலும் இறங்குகின்றன. உள்ளே உறைந்து காத்திருந்த இழுபறி அங்கே வாய் திறக்கிறது. ஊறுகாய் ஜாடியின் ரேகைக்கும் இதுதான் காரணம். மேற்பூச்சும் உள்மண்ணும் ஒரே அளவில் சுருங்காத சங்கடம். மூடிய காரில் வெயிலில் விட்டு வந்த மூக்குக் கண்ணாடியில் சிலந்தி வலை போல் கோடு விழுந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நம் பங்குக்கு நாமும் பாவம் செய்கிறோம். அதையும் ஒளிக்கக் கூடாது. தார் ஒட்டிக்கொண்டதென்று பெட்ரோலாலும் தின்னராலும் விளக்கைத் துடைக்கிறோம். தின்னரில் டொலுயீன் இருக்கும். தொழிற்சாலையில் இழுபறியைக் காட்டிக் கொடுக்கிற அதே சரக்கு! 60 வாட் பல்பு இருந்த இடத்தில் 100 வாட் பல்பைப் போட்டு மூடியை உள்ளிருந்தும் வறுக்கிறோம். பிறகு மங்கிவிட்டதே என்று பற்பசையைத் தடவித் தேய்க்கிறோம். பற்பசை பளபளப்பைத் தருகிறது, வாஸ்தவம். மிச்சமிருந்த பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறது என்பதும் வாஸ்தவம். சில மாதங்களில் முன்னிலும் மோசமாக மங்கும்.

என் வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. பூச்சுக்கு ஆயுள் உண்டு என்பது செய்தவர்களுக்குத் தெரியும். அந்த ஆயுள் காரின் ஆயுளைவிடக் குறைவு என்பதும் தெரியும். தேய்கிற பொருள் என்று தெரிந்தால் தனியாக விற்க வேண்டாமா? டயர் தேயும் என்பதற்காக யாராவது சக்கரத்தை அச்சோடு சேர்த்துப் பற்றவைத்து விற்கிறார்களா? துடைப்பான் ரப்பர் கிழிந்தால் முன்கண்ணாடியையே மாற்றச் சொல்கிறார்களா?

"சட்டப்படி சோதனை செய்துதானே விற்கிறோம்?" என்பார்கள். அந்தச் சோதனையையும் பார்த்துவிடலாம். நம் நாட்டு வாகனத் தரங்கள் பலவும் ஐ.நா.வின் வாகன விதிகளைத் தழுவியவை. ஹெட்லைட்டுக்கென்று நீண்ட காலம் வழங்கிவந்த 112-ஆம் விதியில் பிளாஸ்டிக் மூடிக்குத் தனி அத்தியாயமே உண்டு. செயற்கைச் சூரிய விளக்கின் கீழே, ஒரு சதுர மீட்டருக்கு 4500 மெகாஜூல் சக்தி விழுகிற வரைக்கும் மூடியைக் காய்ச்ச வேண்டும். கேட்டால் பயங்கரமாக இருக்கிறது அல்லவா? கொஞ்சம் பென்சிலை எடுங்கள். சென்னைச் சுற்றுவட்டாரத்தில் ஒரு சதுர மீட்டர் தரையில் சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 18 மெகாஜூல் வெயில் விழுகிறது. 4500-ஐ 18-ஆல் வகுத்தால் 250 நாள். விளக்கு சாய்ந்து நிற்கிறது, தரை அளவுக்கு வெயில் வாங்காது என்று இரண்டு மடங்காக்கினாலும் ஒன்றரை வருஷத்தை எட்டாது. அமெரிக்கச் சட்டம் இந்தப் பிளாஸ்டிக்கை புளோரிடா வெயிலிலும் அரிஸோனா வெயிலிலும் 3 வருஷம் போட்டுப் பார்க்கச் சொல்கிறது. அது கொஞ்சம் தேவலை. நல்ல கம்பெனிகள் சட்டம் கேட்பதற்கு மேலேயே சோதிக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊரில் ஒரு சொந்தக் காரின் பதிவு 15 வருஷத்துக்கு. ஒன்றரை வருஷத்துத் தேர்வு எழுதியவனை 15 வருஷத்து உத்தியோகத்தில் அமர்த்துகிறோம்.

அந்த 15 வருஷத்தில் என்ன நடக்கிறது? புகைக்கு முறை வைத்துச் சான்றிதழ் வாங்குகிறோம். சொந்தக் காரின் விளக்கு எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று யாரும் கட்டாயமாக அளந்து பார்ப்பதில்லை. அமெரிக்காவின் மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-ல் அளந்து பார்த்தது. மங்கிப்போன மூடி கொண்ட பழைய விளக்குகள், தாழ்ந்த ஒளியில், புது விளக்கு தருவதில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் தந்தன. நாலு பங்கு எங்கே போயிற்று? கீறல்களில் சிதறிற்று. சிதறிய ஒளி சாலைக்குப் பயன்படாமல் எதிரில் வருகிறவன் கண்ணைக் கூசச் செய்யும். அதாவது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இருவருக்கும் நடுவில் நடந்து போகிறவனுக்குத்தான் விதி.

தேய்த்து மெருகு போட்டால் 70 சதவீதம் வரை திரும்பக் கிடைத்தது என்றும், கம்பெனி விளக்கையே புதிதாக மாட்டினால்தான் முழு வெளிச்சமும் வந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அப்படியானால் முழு வெளிச்சம் பணக்காரருக்கு, மற்றவர்களுக்குப் பற்பசை. பழைய கார் வாங்கி ஓட்டுகிற குமாஸ்தாவும், வாடகை வண்டி ஓட்டுகிறவரும் எங்கே போவார்கள்?

"மூடியைத் தனியாகத் தந்தால் ஓரத்தில் தண்ணீர் இறங்கும், ஒளியின் திசை மாறும், நுணுக்கமான வேலை, தெருவோரத்தில் செய்ய முடியாது" என்று கடைசியாக ஒரு வாதம் வரும். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் என் இரண்டு கண்ணிலும் அதற்குப் பதில் இருக்கிறது.

1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற கண் வைத்தியர், புரை எடுத்த கண்ணுக்குள் ஒரு பிளாஸ்டிக் லென்ஸை முதன்முதலாக வைத்தார். யுத்தத்தில் விமானத்தின் பிளாஸ்டிக் கூரை சிதறி, விமானிகளின் கண்ணுக்குள் துணுக்குகள் தைத்திருந்தன. கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதைக் கவனித்துத்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. பல காலம் அந்த லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை நிறுவி அந்த லென்ஸை இங்கேயே செய்தார்கள். விலை பல மடங்கு இறங்கிற்று. இன்று பட்டிக்காட்டுப் பாட்டி ஒருத்தி காலையில் வந்து லென்ஸ் வைத்துக்கொண்டு பேரன் முகம் பார்க்கிறாள். எந்த டாக்டராவது அவளிடம், "லென்ஸ் தனியாக வராது பாட்டி, கண்ணையே மாற்ற வேண்டும்" என்றாரா? உயிருள்ள கண்ணில், ரத்தமும் நரம்பும் ஓடுகிற இடத்தில் முடிகிற காரியம், நாலு திருகும் ஒரு பசையும் கொண்ட டப்பாவில் முடியாதாம்!

முடியும். ரப்பர் வளையமும் கிளிப்பும் வைத்துத் திறந்து மூடுகிற மாதிரி வடிவமைத்தால் முடியும். முன்பெல்லாம் சூடு காட்டினால் இளகுகிற பசைகூட இருந்தது. இறுகினால் திறக்கவே முடியாத பசையை நாடுவது தண்ணீரைத் தடுக்க என்கிறார்கள். என் பணப்பையைத் திறக்கவும் அது உதவுகிறது.

இதை நான் வேறு எந்த ஊரைப் பார்த்தும் இவ்வளவு உரக்கச் சொல்லமாட்டேன். ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் பார்த்துச் சொல்லக் காரணம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் ஓடி வெளிவருகிறது. ஒரகடத்தில் 2010-லிருந்து கார், 2012-லிருந்து லாரி, 2013-லிருந்து மோட்டார் சைக்கிள். ஸ்ரீபெரும்புதூரில் 2000-லிருந்து செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை. திருமழிசையைத் தாண்டிப் புதுச்சத்திரத்தில் வாகன விளக்கு செய்வதற்கென்றே ஒரு தொழிற்சாலை. ஒரகடத்திலேயே வண்டிகளைச் சோதிக்க மத்திய அரசின் பெரிய ஆராய்ச்சி நிலையம். செய்கிறவன், சோதிக்கிறவன், விற்கிறவன், ஓட்டுகிறவன், நடக்கிறவன் எல்லோரும் ஒரே சாலையில். தலைக்கு மேலே, காசு கேட்காத வெயில். புளோரிடாவுக்கும் அரிஸோனாவுக்கும் போவானேன்? ஒரகடத்து மொட்டை மாடியில் 5 வருஷம் கிடந்து தேறிய மூடியைத்தான் இந்த நாட்டில் விற்கலாம் என்று ஒரு விதி செய்யட்டும். மூடியைத் தனி உதிரிப் பாகமாக, கார் மாதிரி நின்றுபோன பிறகும் 10 வருஷம் விற்க வேண்டும் என்று இன்னொரு விதி. புகையை அளக்கிற இடத்திலேயே வெளிச்சத்தையும் அளக்க மூன்றாவது விதி. இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜர் பிறந்த ஊர். திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து பெற்ற ரகசியத்தை, யாருக்கும் சொல்லாதே என்ற ஆணையையும் மீறி, கோவில் மேலேறி ஊர் கேட்கச் சொன்னவர் என்பது ஐதிகம். அவர் பிறந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, ஒரு விளக்கு மூடியைப் பசை போட்டு ஒட்டி ரகசியமாக்கி வைத்திருக்கிறார்கள்.

என் காருக்கு இரண்டு விளக்குகளையும் முழுசாகவே மாற்றிவிட்டேன். அந்த மாதம் வீட்டில் வேறு சில செலவுகள் தள்ளிப்போயின. மாற்றிய பிறகு அதே சாலையில் ஒரு ராத்திரி வந்தேன். ஷிப்டு முடிந்து ஆட்கள் ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். இந்தத் தடவை ஒவ்வொரு முகமும் தூரத்திலிருந்தே தெரிந்தது. இளம் பிள்ளைகள். பாதிப் பேருக்கு மீசை அரும்பவில்லை. சட்டைப் பையில் தொழிற்சாலை அட்டை தொங்கிற்று. அன்று என் வண்டிக்குத் தப்பிய பையனும் அவர்களில் இருந்திருக்கலாம். அவன் பகலெல்லாம் எந்த ஆலையில் எதை வார்க்கிறானோ, எனக்குத் தெரியாது. ஹெட்லைட் மூடியாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.